பாட்டு பிரமாதம், நடுவில் வரும் பேச்சுதான்... : டெனேஷியஸ் டி முதல் ஆல்பம், நீண்ட நாள் அனுபவம்

நண்பன் ஒருவன் வாட்ஸப்பில் கேட்டிருந்தான்: "மாப்ள, அந்தப் பாண்டாவுக்குக் குரல் குடுத்தவரு ராக் ஆல்பமெல்லாம் போட்டிருக்காராமே, வாங்கலாமா? பய மைன்கிராஃப்ட் படத்துக் கோழிப் பாட்டையே நாள் பூராப் பாடிக்கிட்டுத் திரியிறான்."

‘குங்ஃபூ பாண்டா’வுக்குக் குரல் கொடுத்த ஹாலிவுட் நடிகர் ஜாக் பிளாக்கைச் சொல்கிறான். பயலுக்கு என்றால் வேண்டவே வேண்டாம். முதல் பாட்டே ஒரு சாஸேஜின் பெயரை வைத்து இரட்டை அர்த்தம். அதற்கப்புறம் இரட்டையெல்லாம் கிடையாது, நேரடி ஒற்றை அர்த்தம்தான். சில பாட்டுகளின் தலைப்பையே இங்கே எழுத முடியாது. உனக்கு என்றால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

ஆல்பம் 2001-இல் வந்தது. டெனேஷியஸ் டி என்பது ஜாக் பிளாக்கும் கைல் காஸும் சேர்ந்த காமெடி ராக் ஜோடி. ரெண்டு பேரும் ஆளுக்கொரு அகூஸ்டிக் கிதாரைக் கட்டிக்கொண்டு, உலகத்திலேயே பெரிய பேண்ட் நாங்கள்தான் என்று சாதிப்பார்கள். டிரம்ஸ் வாசித்தது நிர்வாணா என்ற ராக் பேண்டில் இருந்த டேவ் க்ரோல். அதனால் ஜோக்குக்குச் சிரிக்காதவர்களும் தலையாட்டுவார்கள். ஜாக் பிளாக்கின் குரலை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தொண்டையைக் கிழித்துக்கொண்டு மேலே போய், அங்கேயே நின்று விளையாடுவார். இசையில் ஒரு குறையும் இல்லை.

என் புகார் பாட்டுகளுக்கு நடுவில் வரும் ஸ்கிட்டுகளைப் பற்றி. மொத்தம் 21 டிராக், அதில் ஒரு பகுதி வெறும் பேச்சு. அதிலும் ஒன்று என்னைப் பல வருடமாக வதைக்கிறது. மூச்சை உள்ளே இழுக்கும்போதும் பாடலாம், ஆகவே இடைவெளியே விடாமல் பாடிக்கொண்டே இருக்கலாம் என்று தான் ஒரு வித்தை கண்டுபிடித்திருப்பதாக ஜாக் பீற்றிக்கொள்வார். கைல் அதை அவ்வளவாகக் கண்டுகொள்ள மாட்டார். உடனே ஜாக்குக்குப் பொத்துக்கொண்டு வந்துவிடும். நான் எதைக் கொண்டுவந்தாலும் நீ குறைதான் சொல்வாய் என்று தொண்டை கிழிய வசவு.

மதுரையில் முதல் பாட்டைத் தொடங்கினால் இந்த இடம் ஏறக்குறைய இருபதாவது நிமிடத்தில் வரும். நான் விருதுநகருக்கு வேலைக்குப் போகிறவன். இருபதாவது நிமிடத்தில் வண்டி எங்கே நிற்கும்? கப்பலூர் டோல்கேட்டில். ஃபாஸ்டேக் ஒழுங்காக ஸ்கேன் ஆகிவிட்டால் தப்பித்தேன். ஆகாத நாளில் கண்ணாடியை இறக்க வேண்டும், அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து ஆங்கிலத்தில் அத்தனை கெட்ட வார்த்தையும் கொட்டும். இங்கிலீஷ் தெரியாதவர்களுக்கும் தெரிந்த வார்த்தைகள்தான் அவை. கையில் மிஷினோடு நிற்கிற பையன் என்னை ஏற இறங்கப் பார்ப்பான்.

போன மாதம் காரின் சிடி பிளேயர் டிஸ்க்கை விழுங்கிக்கொண்டு திருப்பித் தர மறுத்தது. பழங்காநத்தம் பக்கம் ஒரு கார் எலக்ட்ரீஷியன் பேனலைக் கழற்றி, உள்ளே வளைந்திருந்த ஏதோ ஒரு லிவரை நிமிர்த்திவிட்டு, சிடியை வெளியே எடுத்துத் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார். பிளேயர் பிழைத்துவிட்டது. நிறுத்தின இடத்திலிருந்தே ஆரம்பித்தது. அந்த இடம் எதுவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. சவுண்டு வேறு முழுசாகத் திறந்திருந்தது. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு அவர் கேட்டார்: "என்னண்ணே, பாட்டுப் பாடுவாய்ங்கன்னு பாத்தா இப்படி வைஞ்சுக்கிறாய்ங்க?" நான் "இருங்க, அடுத்தது பாட்டு" என்றேன். அவர் ஸ்குரூ முடுக்கப் போய்விட்டார்.

அடுத்து வருவதுதான் பிரச்சினையே. அது, கைல் ஒருமுறை கோபித்துக்கொண்டு பேண்டை விட்டுப் போன கதையைச் சொல்லும் பாட்டு. ஒன்றரை நிமிடம்தான். முந்தின நிமிடம் தொண்டை கிழிய வைத ஆள், இப்போது அவன் போன நாளை நினைத்துப் பாடுகிறான். முன்னால் வரும் அந்த வசவு இல்லாவிட்டால் இந்தப் பாட்டில் ஒன்றுமில்லை. போனில் பேச்சையெல்லாம் நீக்கிவிட்டு, பாட்டுகளை மட்டும் கோத்து ஒரு பிளேலிஸ்ட் போட்டுப் பார்த்தேன். சத்தம் இருந்தது, சிரிப்பும் இருந்தது, அந்த இடத்தில் தொண்டையை அடைப்பது மட்டும் காணாமல் போய்விட்டது.

நம்ம ஊர்ப் பக்கம் திருவிழாவில் ஸ்பெஷல் நாடகம் பார்த்தவனுக்கு இது புரியும். பபூனும் டான்ஸ்காரம்மாவும் ராத்திரி மேடையேறிப் பச்சையாகப் பேசிக்கொள்வார்கள். பெரிசுகள் தலையைக் குனிந்துகொண்டு சிரிக்கும். அதே கூட்டம்தான் விடியற்காலையில் மயான காண்டத்துக்கு மூக்கைச் சிந்தும். நேராக மயான காண்டத்தில் ஆரம்பித்தால் எவன் அழுவான்?

நட்பைப் பற்றியே ஒரு பாட்டு இருக்கிறது. உண்மையான நட்பு அபூர்வம் என்று உருகிக்கொண்டே போய், ரெக்கார்டு கம்பெனி ஒப்பந்தம் இருக்கிறவரை நாம் நண்பர்கள்தான் என்று ஒரு குத்து வைப்பார்கள். ரொம்ப காலம் அதை நக்கலாகவே கேட்டுக்கொண்டிருந்தேன். 2024 ஜூலையில் சிட்னி மேடையில், கைலின் பிறந்தநாள் கேக்குக்கு முன்னால், என்ன ஆசை என்று ஜாக் கேட்க, டிரம்ப் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டை வைத்து கைல் ஒரு ஜோக் அடித்தார். இரண்டு நாளில் சுற்றுப்பயணம் ரத்து, சேர்ந்து செய்யவிருந்த வேலைகள் எல்லாம் நிறுத்திவைப்பு என்று ஜாக் அறிவித்துவிட்டார். யார் செய்தது சரி என்பதற்குள் நான் போகவில்லை. அதற்கப்புறம் அந்த ஒப்பந்த வரி வரும்போது சிரிப்பு வருவதில்லை, அவ்வளவுதான். கேலிக்கு எழுதினது 23 வருடம் கழித்து இப்படித் திரும்பி வரும் என்று அவர்களே நினைத்திருக்க மாட்டார்கள்.

சரி, வாங்கலாமா? வேண்டாம். வீட்டில் போட முடியாது, விருந்தாளி ஏறினால் காரில் போட முடியாது, ஷஃபிளில் போட்டால் அர்த்தமே இல்லை. பத்துக்கு அஞ்சுதான் போடுவேன். பேச்சை நீக்கி, கெட்ட வார்த்தையை மறைத்து எவனாவது ஒரு சுத்தப் பதிப்பு கொடுத்தால் அதற்கு ரெண்டு. கடைசியில் வரும் நீளப் பாட்டு எனக்கு ஒட்டவே இல்லை. நல்லவேளையாக அது வருவதற்குள் விருதுநகர் வந்துவிடுகிறது.