கருப்புப் பூச்சைப் பார்த்து ஏமாறாதீர்கள்: என் ஹெரால்டின் சேஸிக்கு நடந்தது

பழைய கார் வைத்திருக்கிறீர்களா? அதிலும் சேஸி, அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம், தனியாக இருக்கிற கார் என்றால், துரு வேலைக்குப் பட்டறையில் விடுவதற்கு முன் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள்.

என்னுடையது ட்ரையம்ப் ஹெரால்ட். 1959இல் அறிமுகமாகி 1971 வரை தயாரான மாடல். இதில் பாடி வேறு, சேஸி வேறு. வண்டியின் பாரமெல்லாம் அடியில் ஓடும் நீளச் சட்டங்கள் மீதும், அவற்றிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள் மீதும்தான். சட்டம் போனால் மேலே எவ்வளவு நல்ல பெயின்ட் இருந்தும் வண்டி இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன் அடியில் ஆங்காங்கே துரு தெரிந்தது. பக்கவாட்டுக் கை ஒன்றில் மட்டும் சிறிய நாணயம் அளவுக்கு ஓட்டை. பழைய கார் வேலைக்கென்றே பெயர் சொன்ன ஒரு பட்டறையில் விட்டேன். துருவைச் சுரண்டி எடுப்போம், ஓட்டையை வெல்டு செய்வோம், சட்டத்துக்குள் மெழுகு அடிப்போம், கடைசியில் அண்டர்கோட்டிங், அதாவது அடிப்பாகத்துக்குக் கருப்புப் பூச்சு என்றார்கள். மூன்று வாரம் கழித்துப் போனபோது அடிப்பாகம் முழுவதும் கன்னங்கரேல் என்று மின்னியது. "இனி பத்து வருஷத்துக்குக் கவலையே வேண்டாம் சார்" என்றார் உரிமையாளர். நம்பினேன். முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டு வந்தேன்.

போன மழைக்காலத்துக்குப் பிறகு இடது கதவு சரியாகச் சாத்தவில்லை. சற்றே தூக்கித்தான் மூட வேண்டியிருந்தது. கீல் தேய்ந்திருக்கும் என்று நினைத்து அதைச் சரிசெய்யப் பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டம் தொய்ந்தாலும் கதவு இடைவெளி இப்படித்தான் மாறும் என்று அப்போது எனக்குத் தெரியாது. அப்புறம் ஒரு நாள் டயர் மாற்ற ஜாக்கி வைத்தேன். நொறுக்கென்று ஒரு சத்தம். வண்டி மேலே வரவில்லை, ஜாக்கிதான் உள்ளே போனது. கருப்புப் பூச்சு தோல் மாதிரி உரிந்து தொங்க, உள்ளிருந்து ஈரமான துருச் செதில்கள் கொத்தாக விழுந்தன. ஸ்க்ரூ டிரைவரைக் கையால் அழுத்தினாலே தகட்டுக்குள் இறங்கியது.

வேறொரு வெல்டரிடம் கொண்டுபோனேன். வயதானவர், பொறுமையானவர். பூச்சைச் சுரண்டச் சுரண்ட ஒவ்வொன்றாக வெளியே வந்தது. துருவின் மேலேயே, சில இடங்களில் காய்ந்த சேற்றின் மேலேயே அடித்திருந்தார்கள். வெல்டு செய்ததாகச் சொன்ன ஓட்டையில் ஃபைபர் துணியும், பூசி அடைக்கும் பட்டியும் (புட்டி). சட்டத்துக்குள் சிறு கேமரா விட்டுப் பார்த்தார். பில்லில் எழுதியிருந்த மெழுகின் சுவடே இல்லை. எல்லாவற்றையும்விடக் கொடுமை, சட்டத்தின் அடியிலிருந்த வடிகால் துளைகளைப் பூச்சாலேயே அடைத்துவிட்டிருந்தார்கள். "தம்பி, எதுவுமே செய்யாம விட்டிருந்தாக்கூட இவ்வளவு சீக்கிரம் போயிருக்காது" என்றார்.

ஏன் என்று அவர் விளக்கியதை அப்படியே சொல்கிறேன். பெட்டி வடிவச் சட்டத்துக்குள் எப்படியும் ஈரம் சேரும். இணைப்புகள் வழியாகக் கசியும், இரவுக் குளிரில் உள்சுவரில் வியர்த்து நிற்கும். அது வடிந்து காயத்தான் அந்தத் துளைகள். அவற்றை அடைத்தால் சட்டம் தண்ணீர்த் தொட்டிதான். வெளியே அடித்த தார்ப் பூச்சும் நாளாக ஆக இறுகி வெடிக்கும். வெடிப்பு வழியாகப் போகும் தண்ணீர் பூச்சுக்கும் தகட்டுக்கும் நடுவில் தங்கிவிடும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கக்கூடியது. அதனால் இரண்டு தகடு சேரும் இடத்தில் ஊறி ஊறித் தகடுகளையே பிளந்துவிடும்.

துருவை மாற்றும் ரசாயனத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாஸ்பாரிக் அமிலமோ டானிக் அமிலமோ உள்ள அந்தத் திரவம், நன்றாகத் தேய்த்த பிறகு ஒட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய துருவுக்குத்தான் உதவும். செதில் செதிலாக எழும்பிய துருவுக்கு மேல் தடவிப் பயனில்லை. அரித்துப்போன இரும்பை அது திருப்பித் தராது.

பாரம் தாங்கும் இடம் அரித்துவிட்டால் ஒரே வழி, நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுத்து, அதே தடிமனில் புதுத் தகடு வைத்துச் சுற்றிலும் முழுமையாக வெல்டு செய்வது. வெட்டுவதற்கு முன் அவர் சட்டத்தைப் பல இடங்களில் முட்டுக் கொடுத்து, கதவு வாசலில் குறுக்குக் கம்பி வைத்து, மூலைக்கு மூலை அளந்து எழுதிக்கொண்டார். பெட்ரோல் டேங்கைக் கழற்றி அப்பால் வைத்தார், பேட்டரி இணைப்பை எடுத்தார். வெல்டிங் சூட்டில் உட்புறப் பூச்சு கருகிவிடும், அடுத்த துரு அங்கேதான் தொடங்கும். அதனால் வெளியே எபாக்சி ப்ரைமர் என்ற அடிப்பூச்சு அடித்த பிறகு, நீளக் குழாயை உள்ளே விட்டு எல்லாப் பக்கமும் தெளிக்கிற முனையால் மெழுகு அடித்தார். நல்ல வெயில் நாளாகப் பார்த்து அடித்தார், மெழுகு இளகி இடுக்குகளுக்குள் ஓடட்டும் என்று. கடைசியாக ஒவ்வொரு வடிகால் துளையிலும் கம்பி விட்டுப் பார்த்தார்.

நாணயம் அளவு ஓட்டையாக இருந்தது, இரண்டு பக்கவாட்டுக் கைகளையும் அரை மீட்டர் சட்டத்தையும் மாற்றுகிற வேலையாக முடிந்தது. பழைய பட்டறையில் கேட்டால் "துருவுக்கெல்லாம் கேரண்டி கிடையாது சார்" என்கிறார்கள். நான் கேட்டது கேரண்டி அல்ல. செய்யாத வேலைக்கு ஏன் பில் போட்டீர்கள் என்றுதான் கேட்டேன். பதில் இல்லை.

நீங்கள் வண்டியை விடும் முதல் நாளே, பூச்சு அடிப்பதற்கு முன் வெறும் இரும்பாக இருக்கும்போது வந்து பார்ப்பேன் என்று சொல்லிவிடுங்கள். அதற்கு மழுப்பினால் வண்டியைத் திருப்பி எடுத்து வந்துவிடுங்கள்.

ஏற்கெனவே அடித்து வாங்கிவிட்டீர்கள் என்றால், வண்டியைத் தூக்கி ஜாக் ஸ்டாண்டுகள் மேல் நிறுத்தி (ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது) சட்டம் முழுக்கச் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், அரித்த இடம் மொத்தென்று கேட்கும். பட்டி அடைத்த இடத்தில் காந்தம் ஒட்டாது. வடிகால் துளை இருக்க வேண்டிய இடம் கருப்பாக மூடியிருந்தால் கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். என் வண்டியில் திறந்தபோது ஒரு டம்ளர் அளவுக்குப் பழுப்புத் தண்ணீர் கொட்டியது.