எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் படுத்துவிட்டால்: சாஃப்ட்வேரா, குளோனா, போர்டு வேலையா, லேபா?

"எந்த ரெக்கவரி சாஃப்ட்வேர் நல்லது?" டிஸ்க் மக்கர் செய்ததும் பலரும் முதலில் தேடுவது இதைத்தான். ஆனால் மீட்பு சாஃப்ட்வேர், டிஸ்க்கை அப்படியே வேறொன்றில் பிரதியெடுக்கும் குளோன், டிஸ்க்கின் சர்க்யூட் போர்டைச் சரிசெய்வது, டேட்டா மீட்பு லேப் என்ற இந்த நாலு வழிகளையும் வரிசையாக வைத்து, விலை பார்த்து எடுக்க முடியாது. தப்பான நேரத்தில் கைவைத்தால் ஒன்று மற்றொன்றுக்கு வழியே இல்லாமல் செய்துவிடும். டிஸ்க் என்ன சத்தம் போடுகிறது, விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் அதன் கொள்ளளவு சரியாகத் தெரிகிறதா என்பதைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

அதற்கும் முன்னால் கேபிளை மாற்றிப் பாருங்கள். 2.5 அங்குல டிஸ்க்குகளில் உள்ள அகலமான மைக்ரோ-பி சாக்கெட் சீக்கிரம் ஆடிப்போகும். யுஎஸ்பி 2.0 போர்ட்டின் 500 மில்லியாம்ப், டிஸ்க் சுழலத் தொடங்கும் நேரத்துக்குப் பல சமயம் போதாது, 3.0 போர்ட் 900 வரை தரும். ஹப் வேண்டாம், டெஸ்க்டாப்பின் பின்பக்கத்தில் நேராகச் செருகுங்கள்.

கேபிள் மாற்றியும் 'டக்... டக்...' என்று அடித்தால் ஹெட் (தட்டிலிருந்து டேட்டாவைப் படிக்கும் முனை) போயிருக்க வாய்ப்பு அதிகம். மெல்லிய பீப் மட்டும் வந்தால், பெரும்பாலும் ஹெட் தட்டில் ஒட்டிக்கொண்டு மோட்டார் சுழல முடியாமல் திணறுகிறது. இரண்டுக்கும் லேப்தான், உடனே கழற்றி வையுங்கள். சத்தமே இல்லை என்றால் போர்டு மேல் சந்தேகம். சுழல்கிறது, ஆனால் கொள்ளளவு 0 என்று காட்டுகிறது என்றால் ஃபர்ம்வேர் (டிஸ்க்கை உள்ளிருந்து இயக்கும் மென்பொருள்) சிக்கல், அதுவும் லேப் வேலை. சீராகச் சுழன்று, கொள்ளளவும் சரியாகக் காட்டி, "ஃபார்மட் செய்யவா?" என்று விண்டோஸ் கேட்டால் மட்டுமே வீட்டில் முயலலாம்.

சாஃப்ட்வேர் எதிர் குளோன்

உண்மையான போட்டி இங்கேதான். தெரியாமல் அழித்த ஃபைல், பார்ட்டிஷன் குழப்பம் என்றால் சாஃப்ட்வேர் போதும். டெஸ்ட்டிஸ்க் இலவசம், பார்ட்டிஷன் டேபிளைச் சரிசெய்யும். அதோடு வரும் ஃபோட்டோரெக் ஃபைல்களைத் தோண்டி எடுக்கும், ஆனால் ஃபோல்டரும் ஃபைல் பெயரும் போய்விடும். பத்தாயிரம் போட்டோவை எண்ணிட்ட பெயர்களில் வைத்துக்கொண்டு விழிக்க வேண்டும். விண்டோஸ் ஃபைல்களை அடுக்கிவைக்கும் என்டிஎஃப்எஸ் அமைப்பு ஓரளவு மிச்சமிருந்தால் டிஎம்டிஇ, ஆர்-ஸ்டூடியோ இரண்டும் ஃபோல்டரோடு கொண்டுவரும்.

டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் சி5 வரிசை பூஜ்யமாக இல்லையென்றால் கதை வேறு. படிக்க முடியாத செக்டர்கள் (டேட்டா எழுதப்படும் சிறு கட்டங்கள்) டிஸ்க்கில் இருக்கின்றன. ஸ்கேன் சாஃப்ட்வேர் அந்த இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கும், டிஸ்க்கும் திரும்பத் திரும்பப் படிக்கப் பார்க்கும். ஹெட் ஏற்கெனவே பலவீனம் என்றால் அந்த ஸ்கேனிலேயே கதை முடியலாம். விண்டோஸின் செக்டிஸ்க் இன்னும் மோசம்: அது டிஸ்க்கிலேயே எழுதும், உடைந்த ஃபோல்டர்களைத் துண்டு துண்டான சிஎச்கே ஃபைல்களாக்கிவிட்டு "சரியாகிவிட்டது" என்று சொல்லும்.

ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்ற குளோன் கருவி இதைத் தலைகீழாகச் செய்கிறது. சுலபமாகப் படிக்க முடிவதை முதலில் அள்ளிக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடத்தைக் கடைசிக்குத் தள்ளும். அந்தக் கருவி உள்ளடங்கிய சிஸ்டம்ரெஸ்க்யூ லினக்ஸ் பென் டிரைவில் பூட் செய்யுங்கள். உபுண்டு டெஸ்க்டாப் போல அது டிஸ்க்கைத் தானாக மவுன்ட் செய்வதில்லை (திறந்து இணைப்பதில்லை). 1 டிபி டிஸ்க்குக்கு 2 டிபி காலி டிஸ்க் இருந்தால் நிம்மதி. பிரதியை ஒரு ஃபைலாக எடுப்பதென்றால் அந்த டிஸ்க் எஃப்ஏடி32 ஃபார்மட்டில் இருக்கக் கூடாது, 4 ஜிபி தாண்டிய ஃபைலை அது ஏற்காது. முதல் சுற்றில் '-n' ஆப்ஷன் (முரண்டு பிடிக்கும் இடத்தைத் துருவாமல் விடும்), அடுத்த சுற்றில் '-d' (டிஸ்க்கை நேராகப் படிக்கும்), '-r3' (மூன்று முறை மறுபடி முயலும்). மேப்ஃபைல் (எதைப் படித்தாயிற்று என்ற குறிப்பு) பெயர் கொடுக்க மறந்தால், நடுவில் நின்றபின் விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது. கட்டளையில் கெட்ட டிஸ்க் முதலில், புதியது பிறகு. மாற்றிக் கொடுத்தால் காலி டிஸ்க் கெட்ட டிஸ்க் மேல் எழுதப்படும். அளவையும் சீரியல் எண்ணையும் பார்த்த பிறகே என்டர் தட்டுங்கள்.

நொடிக்கு 100 எம்பி வேகத்தில் 1 டிபி முடிய சுமார் 2 மணி 45 நிமிடம். யுஎஸ்பி 2.0-இல் 9 மணிக்கு மேல். சீக்கான டிஸ்க் நாள்கணக்கில் இழுக்கும். நன்றாகப் படிக்கும் பகுதியும் படிக்காத பகுதியும் சீரான இடைவெளியில் மாறி மாறி வந்தால், பல ஹெட்களில் ஒன்று செத்திருக்கலாம். அங்கேயே நிறுத்துங்கள். குளோன் முடிந்தபின் டிஎம்டிஇயோ எதுவோ, அந்தப் பிரதியின் மேல் எத்தனை முறை வேண்டுமானாலும் ஓட்டலாம். சாஃப்ட்வேருக்கு உரிய இடம் இதுதான் என்பது என் கட்சி.

கூட்டைக் கழற்றலாமா?

பிராண்டைப் பொறுத்தது. சீகேட் எக்ஸ்பான்ஷன் 2.5 அங்குல மாடல்கள் பலவற்றில் உள்ளே சாதாரண சாட்டா (கம்ப்யூட்டருக்குள் நேராக மாட்டும் இணைப்பு) டிஸ்க்கும் தனி யுஎஸ்பி போர்டும் இருக்கும். அந்தச் சின்ன போர்டுதான் போயிற்று என்றால் நேராக சாட்டாவில் செருகினால் முடிந்தது. டபிள்யூடி மை பாஸ்போர்ட்டில் யுஎஸ்பி சாக்கெட் டிஸ்க் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும், சாட்டா கனெக்டரே இருக்காது. போதாததற்குப் பல மாடல்களில், நீங்கள் பாஸ்வேர்டு போடாவிட்டாலும் டேட்டா என்கிரிப்ட் ஆகித்தான் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி) எழுதப்படுகிறது. சில பெரிய டிஸ்க்குகளில் கூடு 4096 பைட் செக்டராகக் காட்டியிருக்கும். கழற்றி சாட்டாவில் மாட்டினால் பார்ட்டிஷன் காணாமல்போனது போலத் தெரியும். பதறி ஃபார்மட் செய்யாதீர்கள், டேட்டா அங்கேயேதான் இருக்கிறது.

போர்டு வேலை

12 வோல்ட் கேட்கும் 3.5 அங்குல டிஸ்க்கில் 19 வோல்ட் லேப்டாப் அடாப்டரைச் செருகியவர்களுக்கு நல்ல செய்தி உண்டு. போர்டிலுள்ள டிவிஎஸ் டயோடு (அதிக வோல்ட்டேஜிலிருந்து காக்கும் உறுப்பு), தான் ஷார்ட் ஆகி மற்றதைக் காப்பாற்றியிருக்கலாம். மல்டிமீட்டரில் அதன் இரு முனைக்கும் இடையே பூஜ்யத்தை ஒட்டிய ஓம் காட்டினால், டயோடை எடுத்துவிட்டு, சரியான அடாப்டரில் ஒருமுறை இயக்கி டேட்டாவை நகலெடுத்துவிடலாம். அதற்குமேல் அந்த டிஸ்க்கை நம்பாதீர்கள், இனி அதற்குக் காப்பு இல்லை.

அதே மாடல் போர்டு வாங்கி மாற்றுவது பழைய வித்தை. இன்றைய டிஸ்க்குகளில், அந்தந்த டிஸ்க்குக்கே உரிய அளவுகள் 8 கால் ரோம் சிப்பிலோ முதன்மை சிப்பின் உள்ளேயோ இருக்கும். அதை மாற்றாமல் போர்டை மட்டும் மாட்டினால் டிஸ்க் அடையாளம் காட்டாது, டக் டக்கென்றும் அடிக்கலாம். ஹாட் ஏர் ஸ்டேஷன் பழக்கமில்லாதவர் தொட வேண்டாம்.

லேப்

சுழலும் தட்டுக்கும் ஹெட்டுக்கும் இடையே சில நானோமீட்டர்தான். அதனால் மூடியை வீட்டில் திறப்பதும், ஃப்ரீசரில் வைத்து ஈரம் படியவிடுவதும் லேபின் வேலையைக் கெடுக்கும். கொடுக்குமுன், மீளாவிட்டால் கட்டணம் உண்டா, பணம் கட்டுமுன் ஃபைல் பட்டியல் காட்டுவார்களா என்று கேளுங்கள். சீகேட்டின் சில மாடல்களோடு ரெஸ்க்யூ என்ற மீட்புச் சேவை சேர்ந்தே வருகிறது, பெட்டியைப் பாருங்கள். தட்டில் கீறல் வளையம் விழுந்திருந்தால் லேபாலும் அந்தப் பகுதியைத் திரும்பத் தர முடியாது. டிஸ்க்கைக் கொடுக்கும்போது கழற்றிய யுஎஸ்பி போர்டையும் கவரில் போட்டுச் சேர்த்துக் கொடுங்கள். என்கிரிப்ட் ஆன டிஸ்க்கென்றால் அந்த போர்டில் என்ன சிப் என்று பார்த்துத்தான் அவிழ்ப்பார்கள்.