கடப்பா கல் வாசலுக்கு எந்த கிரவுட்? சில மழைக்காலம் பார்த்த பிறகு

வேலூரில் எங்கள் வீட்டைச் சுற்றி கான்கிரீட் தளத்தின் மேல் கடப்பா கல் போட்டிருக்கிறோம். முன்னால் கார் நிற்கும் இடம், பக்கவாட்டில் ஒரு சந்து, பின்னால் துணி துவைக்கும் இடம். கல் ஒன்றுதான், போட்ட கொத்தனாரும் ஒருவர்தான். இடுக்கில் அடைத்த பொருள், அதாவது கிரவுட், மட்டும் இடத்துக்கு இடம் வேறு: முன்னால் பாலிமர் கலந்த சிமெண்ட் கிரவுட், சந்தில் ஒயிட் சிமெண்ட்டும் கருப்பு ஆக்சைடும், பின்னால் எபாக்ஸி என்ற பிசின் கிரவுட். மூன்றுமே சில கத்திரி வெயிலையும் சில ஐப்பசி மழையையும் பார்த்தாயிற்று.

முதலில் போனது சந்துதான். ஒயிட் சிமெண்ட்டில் மணல் கிடையாது, அதனால் காயும்போது நன்றாகச் சுருங்கும். உள்ளே டைல்ஸுக்கு விடும் 2 மில்லிமீட்டர் இடுக்கில் அது வெளியே தெரியாது. வெளியே கல்லுக்கு விடும் 8, 10 மில்லிமீட்டரில் மறைக்க முடியாது. கல்லின் ஓரத்தை ஒட்டியே மயிரிழை விரிசல் ஓடியது. மழைநீர் அதன் வழியாக இறங்கி, கீழே கான்கிரீட் இருப்பதால் போக வழியில்லாமல் கல்லுக்கு அடியிலேயே தங்கியது. வெயில் அடித்ததும் அந்த நீர் கலவையில் இருக்கும் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு மேலே வந்தது. காற்றிலுள்ள கரியமில வாயு பட்டதும் அது வெள்ளையாகப் படிந்துவிடும். கருப்புக் கல்லில் இது கலைந்துபோன கோலம் மாதிரி தெரிகிறது. துடைத்தால் போகும், அடுத்த மழைக்கு மறுபடி வரும்.

இந்த வெள்ளையைப் போக்க ஆசிட் ஊற்றலாம் என்று யாராவது சொல்வார்கள். கடப்பா, கோட்டா, தாண்டூர் மூன்றுமே சுண்ணாம்புக் கல் வகை. ஆசிட் பட்டால் கல்லே பொங்கி அரிக்கும், மேல்பரப்பு சாம்பல் பூத்துப் போகும். நான் விடவில்லை.

எபாக்ஸியைப் பற்றி கடையில் சொன்னதில் பாதி உண்மை. சோப்புத் தண்ணீர், எண்ணெய், நீலம் எதுவும் ஏறவில்லை, பாசியும் குறைவு. துவைக்கிற இடத்துக்கு அது சரியான தேர்வுதான். ஆனால் வெயில் நேராக விழும் பக்கத்தில் நிறம் மஞ்சளித்துவிட்டது. நிழலில் இருக்கும் வரிசையோடு ஒப்பிட்டால் நன்றாகத் தெரியும். அதோடு வேலை நேரம் ரொம்பக் குறைவு. நம் ஊர் வெயிலில் கலந்த வாளியிலேயே இறுகத் தொடங்கும், சொரசொரப்பான கல்லில் படிந்த பிசினை உடனே துடைக்காவிட்டால் அப்படியே நிற்கும். அதனால் காலை வெயில் ஏறுவதற்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்துதான் அடைத்தார்கள். விலையும் சிமெண்ட் கிரவுட்டைவிடப் பல மடங்கு. கார் நிற்கும் இடம் முழுக்க இதைப் போடச் சொன்னால் நான் போடமாட்டேன்.

முன்பக்கம்தான் இன்றைக்கும் கிட்டத்தட்ட போட்ட மாதிரி இருக்கிறது. கிரவுட் பாக்கெட்டில் சிஜி2 (மேம்பட்ட சிமெண்ட் கிரவுட் என்பதற்கான குறி) என்று போட்டு, பக்கத்தில் டபிள்யூ, ஏ என்ற எழுத்துகளும் இருக்கிறதா என்று பாருங்கள். டபிள்யூ என்றால் நீர் உறிஞ்சுவது குறைவு, ஏ என்றால் தேய்மானம் தாங்கும். பிராண்டைவிட எனக்கு இதுதான் முக்கியமாகப் பட்டது. எத்தனை மில்லிமீட்டர் இடுக்கு வரை போடலாம் என்பதும் பாக்கெட்டிலேயே இருக்கும். தண்ணீரை அளந்து ஊற்ற வேண்டும். கைக்கு இளக்கமாக இருக்கட்டும் என்று கூடுதலாக ஊற்றினால் வலுவும் குறையும், நிறமும் திட்டுத் திட்டாக வரும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் நல்ல தண்ணீரில் கலப்பது நல்லது.

ஆனால் முன்பக்கம் நிலைத்ததற்குக் காரணம் கிரவுட் மட்டும் இல்லை. அங்கே கான்கிரீட் போடும்போதே 80க்கு 1 என்று வாட்டம் விட்டிருந்தோம், அதனால் உள்ளே இறங்கும் நீரும் தெருப்பக்கம் வழிந்துவிடுகிறது. கல்லுக்கு அடியில் நாலு மூலைக்கு நாலு உருண்டை வைக்காமல் கலவையை முழுக்கப் பரப்பினார்கள். அப்புறம், மூன்று மீட்டருக்கு ஒரு வரிசையிலும் சுவரை ஒட்டிய ஓரத்திலும் கிரவுட்டே கிடையாது. அங்கெல்லாம் நுரைக் கயிறு செருகி, மேலே ரப்பர் மாதிரி நீண்டு சுருங்கும் பாலியூரித்தேன் சீலன்ட். பத்து மீட்டர் நீளக் கல்தளம் 30 டிகிரி சூடு ஏறினால் சுமார் 2 மில்லிமீட்டர் நீளும். அது நீள இடம் இல்லாவிட்டால் எந்த கிரவுட்டும் வெடிக்கும், எபாக்ஸியும் சேர்த்துத்தான். கான்கிரீட்டில் வெட்டிய ஜாயின்ட் இருந்தால் அதற்கு நேர் மேலேயும் இதே சீலன்ட் வர வேண்டும். சாதாரண சிலிகான் வேண்டாம், அதன் எண்ணெய் கல்லில் ஊறிக் கறையாகிவிடலாம்.

ஆன்லைனில் பாலிமர் மணல் என்று ஒன்று விற்கிறது. இடுக்கில் கொட்டி, கூட்டி, தண்ணீர் தெளித்தால் இறுகிவிடும், வேலை முடிந்தது என்கிறார்கள். அது மணல் படுக்கையில் பதிக்கும் பேவர் பிளாக்குக்கு ஆனது. அடியில் கான்கிரீட் இருந்தால் நீர் வடியாமல் ஊறி இளகிவிடும் என்பதால் நான் அந்தப் பக்கம் போகவில்லை.

சந்துப் பகுதியை தை, மாசியில் திரும்பச் செய்யப் போகிறோம், மழையும் ஓய்ந்திருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. பழையதின் மேலேயே பூசினால் உரிந்துவிடும். கல்லின் கனத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆழத்துக்காவது சுரண்டி எடுத்து, தூசி போக ஊதி, லேசாக நனைத்து, முன்பக்கம் போட்ட அதே கிரவுட்டை அடைக்கச் சொல்லியிருக்கிறேன். அதற்குப் பிறகு சில நாள் ஈரச் சாக்கு போட்டு வைக்க வேண்டும். கொத்தனார் அதற்கு மட்டும் முகம் சுளிக்கிறார்.