பேரல் கைப்பம்பு: டீசலை வாயால் உறிஞ்சும் வீடுகளுக்கு

வீட்டில் மினி டிராக்டர் வைத்துக்கொண்டு பேரலில் டீசல் வாங்கி வைப்பவர்கள் இந்தக் கைப்பம்பைத் தாராளமாக வாங்கலாம். ஆனால் கடையில் கொடுத்தபடியே கொண்டுபோய் மாட்டிவிடக் கூடாது. கொஞ்சம் கைவேலை பாக்கி இருக்கிறது. அதைக் கடைக்காரர்கள் சொல்வதில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

எங்களுக்கு நீடாமங்கலம் பக்கம். வீட்டுக்காரர் சிங்கப்பூரில். நிலம், வண்டி, டிரைவர் எல்லாம் என் பொறுப்பு. வண்டி 27 எச்.பி., சொந்த நிலம் போக வாடகைக்கும் ஓடுகிறது. ஜூன் 12 மேட்டூர் திறந்து, தண்ணீர் கல்லணை தாண்டி எங்கள் வாய்க்காலுக்கு வந்துவிட்டால் ஊரில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வண்டி வேண்டும். ரோட்டவேட்டரோடு (சேறடிக்கிற சுழல் கலப்பை) சேற்றில் இறங்கினால் மணிக்கு மூன்று நான்கு லிட்டர் குடித்துவிடும். நடுவில் டிராக்டரை பங்க்குக்கு ஓட்டிக்கொண்டு போனால் பாதி நாள் போச்சு. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்துவிட்டுப் போன பிறகு கேனைத் தூக்கிக்கொண்டு அலைந்த அனுபவமும் இருப்பதால், பேரல் இல்லாமல் இருக்க எனக்கு மனசு வராது.

பேரலில் இருப்பதை வண்டிக்கு மாற்றுவதுதான் எப்போதும் பெரிய பாடு. எங்கள் டிரைவர் தம்பி ஓஸைப் பேரலுக்குள் விட்டு மறுமுனையை வாயில் வைத்து ஒரே இழுப்பு இழுப்பான். நான் கத்தினால், "இதெல்லாம் பழகிப்போச்சுக்கா" என்பான். டீசல் வயிற்றுக்குள் போவதைவிட நுரையீரலுக்குள் போவதுதான் ஆபத்து. ஒரு மடக்கு புரையேறினாலே நுரையீரல் வெந்து நிமோனியா மாதிரி படுக்கவைத்துவிடும். அப்படி யாராவது விழுங்கிவிட்டால் உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்கிற வேலையும் கூடாது. வெளியே வரும்போது திரும்பவும் நுரையீரலுக்குள் இறங்கும். நேராக ஆஸ்பத்திரிதான். இன்னொரு வழி, 35 லிட்டர் கேனைத் தூக்கி ஊற்றுவது. டீசல் மட்டுமே முப்பது கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அதை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கிப் புனலில் சிந்தாமல் ஊற்ற என்னால் முடியாது, தம்பியே பாதியைப் பானெட்டில் ஊற்றுவான்.

மன்னார்குடியில் ஒரு ஹார்டுவேர் கடையில் வாங்கினேன். இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. வார்ப்பிரும்பு உடம்பு, பக்கவாட்டில் சுற்றுகிற கைப்பிடி, பேரலின் பெரிய மூடித்துளையில் திருகிக்கொள்ளும் மரை, உள்ளே இறங்க மூன்று துண்டாகக் குழாய், வெளியே வளைந்த மூக்கு. நாலு சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் வருகிறது. சுற்றுவது லேசு, என் மாமியாரே ஒருநாள் சுற்றிப் பார்த்துவிட்டு, "இத அப்பவே வாங்கியிருக்கலாமேடி" என்றார். அவ்வளவுதான் புகழ்ச்சி.

முதல் குறை குழாய். மூன்று துண்டையும் கையால் முறுக்கி இறக்கிவிட்டால் இணைப்புகளில் காற்று இழுக்கும். கைப்பிடி சும்மா சுற்றும், டீசல் ஏறாது. பம்பு ரிப்பேர் என்று திருப்பிக் கொடுக்கப் போகாதீர்கள். மரையில் டெஃப்லான் டேப் சுற்றி, பைப் ரெஞ்சு போட்டு இறுக்கினால் சரியாகிவிடும். டேப்பை மரையின் நுனி வரைக்கும் சுற்றாமல் இரண்டு மரை விட்டுச் சுற்றுங்கள். நுனியில் பிய்ந்த நார் டீசலோடு போய் வண்டி ஃபில்டரில் உட்கார்ந்துகொள்ளும்.

இரண்டாவது, அந்தக் குழாய் பேரலின் அடியைத் தொடுகிற நீளத்தில் இருக்கிறது. கடைசிச் சொட்டுவரை எடுக்கலாம் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். அடியில் இருப்பது தண்ணீரும் துருவும்! டீசலைவிடத் தண்ணீர் கனம், கீழேதான் தங்கும். நான் லேத்தில் கொடுத்து இரண்டு அங்குலம் வெட்டிவிட்டேன். மிச்சம் நிற்பதைப் பருவம் முடிந்ததும் பேரலைச் சாய்த்து ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து ராத்திரி முழுக்க வைத்தால், காலையில் கோடு போட்ட மாதிரி கீழே தண்ணீரும் மேலே டீசலும் தனித்தனியாக நிற்கும். கோட்டை ஒட்டி கறுப்பாக, பாசி மாதிரி கொழகொழவென்று ஏதாவது மிதந்தால் பேரலையே கழுவ வேண்டும். தண்ணீரும் டீசலும் சேருகிற இடத்தில் நுண்ணுயிர் வளர்ந்து வருகிற சமாசாரம் அது. பக்கத்துத் தெருவில் ஒரு மாமா வீட்டு பவர் டில்லர் சேற்றில் பாதியில் நின்று நின்று போனதற்கு அதுதான் காரணம். ஃபில்டரைக் கழற்றினால் உள்ளே தார் பூசின மாதிரி இருந்தது.

புதுப் பம்புக்குள் வார்ப்பில் மிஞ்சின இரும்புத்தூள் இருக்கும். முதலில் வரும் சில லிட்டரை வண்டியில் விடாமல் தனியாகப் பிடித்து வடிகட்டிக்கொள்ளுங்கள். வடிகட்டப் பழைய வேட்டித் துணி வேண்டாம், அதன் பஞ்சே ஃபில்டருக்குப் போகும். பித்தளை வலை வேண்டாம், ஸ்டீல் வலை போட்ட புனல் கிடைக்கிறது. அப்புறம் ஓஸ். பம்போடு வராது. தோட்டத்துப் பச்சை ஓஸை மாட்டினால் கொஞ்ச நாளில் விறைத்து வெடிக்கும். நைலான் பின்னல் போட்ட டீசல் ஓஸ் என்றே கேட்டு வாங்க வேண்டும். சுற்றி முடித்ததும் அதன் முனையை மேலே தூக்கி மாட்டுங்கள். கீழே கிடந்தால் தானாகச் சொட்டிக்கொண்டே இருக்கும்.

இன்னொன்று எந்தக் கடையிலும் சொல்ல மாட்டார்கள்: குளவி. பம்பின் மூக்கைத் திறந்தபடி விட்டால் மண்கூடு கட்டிவிடும். அடுத்த முறை சுற்றும்போது அந்த மண் நேராக டேங்க்கில் விழும். சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை மாட்டி மடித்துக் கட்டிவிட்டால் குளவியும் வராது, ஐப்பசி கார்த்திகை ஈரக்காற்றும் உள்ளே போகாது.

பம்பைவிடப் பேரல்தான் முக்கியம் என்பது என் கட்சி. மருந்து, கெமிக்கல் வந்த பேரல் மலிவாகக் கிடைக்கும், தொடாதீர்கள். துத்தநாகம் பூசின தகரமும் கூடாது. டீசல் அந்தத் துத்தநாகத்தைக் கரைத்துக்கொண்டு போய், என்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சுகிற நாசிலைக் கெடுக்கும். என்ஜின் ஆயில் வந்த இரும்புப் பேரலே நல்லது. செங்குத்தாக நிறுத்தினால் மேல்தட்டில் மழைத்தண்ணீர் குளமாகத் தேங்கும். பகலில் சூடேறி ராத்திரி குளிரும்போது மூடி இடுக்கு வழியாக அந்தத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால் கூரைக்கு அடியில், ஹாலோ பிளாக் மேல், ஒரு பக்கம் சற்றே சாய்த்து நிறுத்தியிருக்கிறேன். தாழ்வான ஊர், தரையில் வைத்தால் அடித்தட்டு துருப்பிடிக்க ஒரு மழைக்காலம் போதும்.

சம்பா நடவு முடிந்து தை அறுவடை வரைக்கும் பாதிப் பேரலோடு விடக் கூடாது. காலியிடத்தில்தான் ஈரம் வேர்த்துத் தண்ணீராக இறங்கும். ஒன்று நிறைத்து வை, இல்லையேல் காலி செய். நிறைத்தால் பணம் முடங்குகிறது, நான் காலி செய்துவிடுகிறேன்.

"வீட்டில் வைத்தால் போலீஸ் பிடிக்குமாக்கா?" என்று தம்பியும் கேட்டான், ஊரில் பலரும் கேட்கிறார்கள். 1934-ஆம் ஆண்டுப் பெட்ரோலியச் சட்டத்தில் டீசல் பி வகுப்பு. ஒரே இடத்தில் மொத்தம் 2,500 லிட்டருக்கு மிகாமல், எந்தக் கலனும் 1,000 லிட்டருக்கு மேற்படாமல் இருந்தால் அந்தச் சட்டப்படி உரிமம் வேண்டாம். நமக்கெல்லாம் 200 லிட்டர் பேரல் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. பெட்ரோல் கதை வேறு, அது ஏ வகுப்பு, விற்பனைக்கு இல்லையென்றாலும் 30 லிட்டர்தான் கணக்கு.

உரிமம் வேண்டாம் என்பதற்காக அடுப்படிக்குப் பின்னால் வைத்துவிடலாமா? டீசல் பெட்ரோல் மாதிரி சட்டென்று பற்றாது, சரி. ஆனால் அதன் ஆவி தீப்பிடிக்கத் தொடங்கும் வெப்பநிலை குறைந்தது 35 டிகிரி இருந்தால் போதும் என்பதுதான் நம் நாட்டுத் தரவிதி. சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் 35 டிகிரி எம்மாத்திரம்? வைக்கோல் போர், உரமூட்டை, மோட்டார் ஸ்விட்ச் பெட்டி மூன்றுக்கும் தள்ளி வைத்து, பக்கத்தில் இரண்டு வாளி மணலும் ஒரு பவுடர் தீயணைப்பானும் வைத்திருக்கிறேன். தண்ணீர் ஊற்றினால் எரிகிற டீசல் மிதந்து பரவும். இந்தப் பேரலை அண்டி எவரும் பீடி பற்றவைப்பதில்லை, என் மாமனார் உட்பட.

பவர் டில்லர் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பம்பு தேவையில்லை. டேங்க் சின்னது, உயரமும் குறைவு, நல்ல 20 லிட்டர் கேன் இரண்டு போதும். கேனில் வாங்கும்போது வண்டி மேல் வைத்தபடியே பிடிக்காமல் தரையில் இறக்கிவைத்துப் பிடிக்கச் சொல்லுங்கள்.

பேட்டரியில் ஓடும் 12 வோல்ட் பம்பையும் கடையில் காட்டினார்கள். டீசல் பேரலுக்குப் பக்கத்தில் பேட்டரி கிளிப்பை மாட்டிக் கழற்றும்போது வருகிற தீப்பொறி எனக்குப் பிடிக்கவில்லை, வேண்டாம் என்றுவிட்டேன். கைப்பம்புக்கு கேஸ்கெட்டும் உள்தகடுகளும் தனியாகக் கேட்டதற்கு, "அதெல்லாம் வராதுங்க, போனா புதுசுதான்" என்றார் கடைக்காரர். வாங்கும்போதே உதிரி கிடைக்கும் கடையாகப் பார்த்து வாங்குங்கள், ஐம்பது நூறு கூடப் போனாலும் பரவாயில்லை.