பாகவதரா, சின்னப்பாவா? நாற்பதுகளின் இரண்டு நாயகர்கள்

எம்.ஜி.ஆர். கட்சி, சிவாஜி கட்சி என்று தமிழ்நாடு இரண்டாகப் பிரிந்து நின்ற கதை எல்லோருக்கும் தெரியும். அதற்கு ஒரு தலைமுறை முன்பே அப்படியொரு பிரிவினை இருந்தது. ஒரு பக்கம் எம்.கே. தியாகராஜ பாகவதர், இன்னொரு பக்கம் பி.யு. சின்னப்பா. இருவரும் சொந்தக் குரலில் பாடி நடித்தவர்கள். இருவருமே நாடக மேடையிலிருந்து வந்தவர்கள். ஒருவர் வளர்ந்தது திருச்சி, மற்றவருக்குப் புதுக்கோட்டை. இடையில் ஒரு மணி நேரப் பஸ் பயணம்தான்.

இந்த ஒப்பீடு பெரும்பாலும் பாட்டோடு நின்றுவிடுகிறது. யார் குரல் இனிமை என்று கேட்டதுமே பாகவதர் என்று பதில் வரும், அத்தோடு பேச்சும் முடிந்துவிடும். பாட்டு என்றால் என் பதிலும் அதேதான். ஆனால் இவர்கள் கச்சேரி வித்வான்களாக மட்டும் இருந்தவர்கள் இல்லையே, சினிமா நடிகர்கள். திரையில் ஒருவர் என்ன செய்தார் என்று பார்த்தால் சின்னப்பாதான் பெரியவர். அந்தப் பாதியை நாம் மறந்துவிட்டோம் என்பது எனக்கு நெடுநாள் ஆதங்கம்.

முதலில் பிறப்பு வளர்ப்பு. பாகவதர் 1910இல் மாயவரத்தில், பொற்கொல்லர் குடும்பத்தில் பிறந்தார். எஃப்.ஜி. நடேசய்யர் திருச்சியில் போட்ட 'அரிச்சந்திரா' நாடகத்தில் லோகிதாசனாக மேடையேறியபோது அவர் சின்னப் பையன். பிறகு மதுரை பொன்னு அய்யங்காரிடம் முறையாகச் சங்கீதம் படித்தார். 1934இல் கே. சுப்பிரமணியம் 'பவளக்கொடி'யைப் படமாக எடுத்தபோது, மேடையில் ஏற்கெனவே அர்ஜுனனாகப் பேர் வாங்கியிருந்தவரை அப்படியே திரைக்குக் கொண்டுவந்தார். படத்தில் ஏறக்குறைய ஐம்பது பாட்டுகள். ஜனங்கள் பார்க்க வந்தார்கள் என்பதைவிடக் கேட்க வந்தார்கள் என்பதுதான் சரி. 1937இல் வந்த 'சிந்தாமணி' ஓடிய ஓட்டத்தில் கிடைத்த லாபத்தைக் கொண்டு மதுரையில் அதே பெயரில் ஒரு தியேட்டரே எழும்பியது.

சின்னப்பாவுக்கு இவ்வளவு நேரான பாதை அமையவில்லை. 1916இல் பிறந்தவர். அப்பா உலகநாத பிள்ளையும் நாடக நடிகர். சிறுவயதிலேயே, பையன்களை வைத்து நாடகம் போடும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தார். எம்.ஜி.ஆரும் அந்தக் கம்பெனியில் வளர்ந்தவர்தான். அங்கே நல்ல பேர் எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் மகரக்கட்டு உடைந்தது. பாய்ஸ் கம்பெனியில் ஒரு பையனுக்குக் குரல் உடைந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ராஜபார்ட் என்கிற நாயக வேஷம் போய்விடும், மரியாதையும் போய்விடும். கம்பெனியை விட்டு ஊருக்குத் திரும்பினார். சிலம்பம், குஸ்தி, பளு தூக்குதல் என்று உடம்பைப் பழக்கினார். சாதகம் செய்து குரலையும் திரும்பப் பிடித்தார்.

இருவரையும் பிரிக்கும் கோடு இங்கேதான் விழுகிறது என்று நினைக்கிறேன். பாகவதரின் குரல் அவரைக் கைவிடவே இல்லை. அதனால் உடம்பை வைத்துப் பேச வேண்டிய அவசியமும் அவருக்கு வரவில்லை. குரல் ஒரு நாள் போய்விடும் என்பதைப் பதின்வயதிலேயே பார்த்துவிட்டவர் சின்னப்பா. அவர் திரையில் நடக்கிற நடையில், வாள் பிடிக்கிற பிடியில், எதிராளியைத் திரும்பிப் பார்க்கிற வேகத்தில் அந்தப் பாடம் தெரிகிறது.

சினிமாவிலும் அவருக்கு உடனே விடியவில்லை. 1936இல் 'சந்திரகாந்தா'வில் வந்தார். அடுத்த சில ஆண்டுகளில் 'ராஜமோகன்', 'யயாதி', 'மாத்ருபூமி' என்று படங்கள் வந்தும் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம் 1940இல் 'உத்தமபுத்திரன்' எடுத்தபோதுதான் கதை மாறியது. தமிழ்ப் படத்தில் முதல் இரட்டை வேடம் அது. கொடுங்கோலனும் நல்லவனுமாக ஒரே முகத்தோடு இரண்டு ஆட்கள். 1958இல் சிவாஜி அதே பெயரில், அதே இரட்டை வேடத்தில் நடித்தார் என்பதை நினைத்துப் பார்த்தால் சின்னப்பா யாருக்கு முன்னோடி என்பது புரியும்.

பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வசதியான வருஷம் 1944. அந்த ஒரே ஆண்டில் பாகவதரின் 'ஹரிதாஸ்' வந்தது, சின்னப்பாவின் 'ஜகதலப்ரதாபன்' வந்தது.

'ஹரிதாஸ்' ஆரம்பிக்கும்போதே பாகவதர் குதிரைமேல் வருகிறார், 'வாழ்விலோர் திருநாள்' என்று பாடிக்கொண்டு. முகத்தில் ஒரு சந்தோஷம், அவ்வளவுதான். மற்றதெல்லாம் குரல் பார்த்துக்கொள்கிறது. பிறகு டி.ஆர். ராஜகுமாரி ஆட, 'மன்மத லீலையை வென்றார் உண்டோ' என்று சாருகேசி ராகத்தில் எடுப்பார். சாருகேசி என்றாலே இந்தப் பாட்டு ஞாபகத்துக்கு வரும் தமிழர்கள் இன்றும் ஏராளம். அந்தக் காட்சியைச் சத்தமில்லாமல் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். நம் கண் முழுக்க ராஜகுமாரிமேல்தான் இருக்கும். பாகவதர் அழகாக நிற்கிறார், அழகாகச் சிரிக்கிறார், அதற்கு மேல் அங்கே நடிப்பு என்று ஒன்றும் இல்லை. சத்தத்தைத் திரும்ப வைத்தால் அதே மனிதர் காட்சியை முழுசாக எடுத்துக்கொள்கிறார்.

பெற்றோரை மதிக்காதவன் கால் இழந்து தவிக்கும் இரண்டாம் பாதியில் 'என்னுடல் தனில்' வருகிறதே, அங்கே எனக்கும் தொண்டை அடைக்கும். அப்பா அம்மாவை நோகடித்த எந்தப் பிள்ளையும் அந்தப் பாட்டை லேசாகக் கடந்துவிட முடியாது. பாபநாசம் சிவன் வரிகளைப் பாகவதர் ஒரு சொல் சிதையாமல் சொல்லும் விதத்தில் இருக்கிற மந்திரம் அது. சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்ட படம் என்றால் சும்மாவா?

'ஜகதலப்ரதாபன்' இன்னொரு ரகம். இளவரசன், தேவலோகம், நாகலோகம் என்று அப்பட்டமான அம்புலிமாமா கதை. கதையில் கனம் எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். ஆனால் 'தாயைப் பணிவேன்' பாட்டு வரும்போது நிமிர்ந்து உட்கார வேண்டும். பாடுகிறவரும் சின்னப்பா, சுற்றி உட்கார்ந்து பக்கவாத்தியம் வாசிக்கிறவர்களும் சின்னப்பா. அத்தனை பேரும் ஒரே சமயத்தில் திரையில். கம்ப்யூட்டர் என்ற பேச்சே இல்லாத நாளில், லென்ஸின் ஒரு பகுதியை மறைத்து எடுத்து, ஃபிலிமைப் பின்னுக்குச் சுற்றி, அடுத்த பகுதியைத் திறந்து மறுபடி எடுக்கும் வேலை அது. கேமராக்காரரின் திறமை ஒரு பங்கு. மீதிப் பங்கு நடிகருடையது. பக்கத்தில் யாருமே இல்லாத இடத்தைப் பார்த்து அவர் தலையாட்ட வேண்டும், அந்த ஆட்டல் அடுத்த முறை எடுக்கும் ஆளுக்குப் பதிலாக அமைய வேண்டும், தாளம் ஒரு இம்மி பிசகக் கூடாது. பாடகருக்கு ஒரு கம்பீரம், வாத்தியக்காரர்களுக்கு வேறு வேறு சேஷ்டை என்று ஆளுக்கு ஆள் உடம்பையே மாற்றிக் காட்டுகிறார். சினிமா என்ற சாதனத்தில் மட்டுமே செய்ய முடிகிற ஒன்றை அவர் அங்கே செய்கிறார். பாகவதரின் பதினான்கு படங்களில் அப்படியொரு இடத்தை என்னால் காட்ட முடியவில்லை.

சின்னப்பாவின் பாட்டு ஏன் இவ்வளவு மங்கிப்போனது என்பதற்கும் காரணம் உண்டு. பாகவதருக்குப் படத்துக்குப் படம் பாபநாசம் சிவன் கூடவே வந்தார். சொல்லும் ராகமும் குரலும் ஒன்றையொன்று அறிந்து வளர்ந்தன. 'சிவகவி'யில் 'சொப்பன வாழ்வில்', 'வதனமே சந்திர பிம்பமோ' என்று ஒரே படத்தில் எத்தனை! ஜி. ராமநாதன் இருவருக்குமே இசையமைத்தவர். ஆனாலும் சின்னப்பாவின் பாட்டுகளில் ஒரு பதற்றம், வித்தையைக் காட்டிவிட வேண்டும் என்ற துடிப்பு தெரியும். 'காதல் கனிரசமே'யில் அந்தத் துடிப்பே அழகு. எல்லா இடத்திலும் அப்படி அமைந்துவிடவில்லை. படங்களைத் தேர்ந்தெடுப்பதிலும் பாகவதருக்கு இருந்த நிதானம் அவருக்கு இல்லை. இதையெல்லாம் மறைத்து வாதாடினால் அது நியாயமாகாது.

தோற்றத்தில் பாகவதர் ஒரு மோஸ்தரையே உண்டாக்கினார். பாகவதர் கிராப்பு வைக்காத வாலிபன் உண்டா என்ற காலம் அது. காதில் வைரக் கடுக்கன், பட்டு ஜிப்பா. சின்னப்பா சம்பாதித்ததைப் புதுக்கோட்டையில் வீடுகளாக வாங்கிக் குவித்தார். இனி வாங்கக் கூடாது என்று சமஸ்தானமே தடை போட்டதாக அந்த ஊரில் இன்றும் சொல்வார்கள்.

1944 நவம்பரில், 'ஹரிதாஸ்' ஓடிக்கொண்டிருக்கும்போதே, பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் சென்னையில் குத்திக் கொல்லப்பட்டார். அந்தக் கொலை வழக்கில் பாகவதர், என்.எஸ். கிருஷ்ணன், டைரக்டர் ஸ்ரீராமுலு நாயுடு மூவரும் கைதானார்கள். நாயுடுதான் 'ஜகதலப்ரதாபன்' எடுத்தவர். அவர் விடுதலையானார். மற்ற இருவருக்கும் ஆயுள் தண்டனை விழுந்தது. வழக்கு அன்றைக்குக் கடைசி அப்பீல் கோர்ட்டாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய், 1947இல்தான் விடுதலை. கையிலிருந்த படங்கள் வேறு பாடகர்களுக்குப் போயிருந்தன.

வெளியே வந்த பாகவதரின் குரலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மாறியிருந்தது ஜனங்களின் ரசனை. 'ராஜமுக்தி' தோற்றது, 'அமரகவி'யும் தோற்றது. 'அமரகவி' வந்த 1952இல்தான் 'பராசக்தி'யும் வந்தது. வசனம் பேசுகிற நாயகனைத் தேடிய கூட்டத்துக்கு முன்னால், பாடுகிற நாயகன் என்ன செய்வார்? சிறைதான் அவரை முடித்தது என்று எல்லோரும் சொல்கிறார்கள். சிறைக்குப் போகாமல் இருந்திருந்தாலும் ஐம்பதுகள் அவருக்குக் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும் என்பது என் எண்ணம். 1959 நவம்பர் 1ஆம் தேதி காலமானார்.

சின்னப்பா நிலைமை அப்படியில்லை. 1949இல் 'மங்கையர்க்கரசி'யில் மூன்று வேடம், அதே வருஷம் 'கிருஷ்ணபக்தி', 'ரத்னகுமார்'. வசனம் பேசத் தெரிந்தவர், சண்டை போடத் தெரிந்தவர், வேஷம் மாற்றத் தெரிந்தவர். பின்னணிப் பாடகர்கள் வந்த பிறகும் அவரால் நின்றிருக்க முடியும். ஆனால் 1951 செப்டம்பரில், 35 வயதில் போய்விட்டார். சிவாஜியும் சின்னப்பாவும் ஒரே படத்தில் எதிரெதிரே நின்று பேசுவதைப் பார்க்கும் பாக்கியம் நமக்குக் கிடைக்காமல் போனதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்கிற வரிசை இது. பாகவதரைக் கேட்கத் தொடங்குங்கள். 'சிவகவி', 'அசோக்குமார்' பாட்டுகளுக்குப் படமே வேண்டாம். பார்ப்பதற்கு 'ஹரிதாஸ்' ஒன்று போதும். சின்னப்பாவை மட்டும் பாட்டுத் தொகுப்பில் தேடாதீர்கள், முழுப் படமாகப் பாருங்கள். 'ஜகதலப்ரதாபன்' முதலில், அடுத்து 1942இல் வந்த 'கண்ணகி'. அதில் கண்ணகியாக வரும் கண்ணாம்பா நீதி கேட்கும் காட்சிதான் பேர் பெற்றது, இளங்கோவன் வசனம் அப்படி. அதற்கு முன்னால் கோவலனாக வரும் சின்னப்பாவைக் கவனியுங்கள். கதை தன் கையைவிட்டுப் போகப் போகிறது, கடைசிப் பாட்டும் கைத்தட்டலும் தனக்கில்லை என்று தெரிந்தே ஒரு முன்னணி நாயகன் அந்த வேடத்தை எவ்வளவு மனசோடு செய்திருக்கிறார் என்று பாருங்கள்.