சர்ச் காம்பவுண்டுக்குள்ள கடை போடலாமா? நாலு வழியும் பக்கத்துல பக்கத்துல

சர்ச்ல பொருள் விக்கலாமான்னு பேச்சு எடுத்தாலே முதல்ல வர்றது மத்தேயு 21ஆம் அதிகாரம்தான். எருசலேம் ஆலயத்துல காசு மாத்தித் தர்றவங்களோட பலகைகளையும் புறா விக்கறவங்களோட ஆசனங்களையும் இயேசு கவிழ்த்துப் போட்டாரு, அதனால கேட்டுக்கு உள்ள ஒரு ரூபா வியாபாரம்கூட கூடாதுன்னு ஒரு பக்கம் சொல்லும். இன்னொரு பக்கம், கூரை ஒழுகுது, பில்டிங் ஃபண்டுக்கு எங்க போறது, நாலு ஸ்டால் போட்டா என்ன குத்தம்னு கேக்கும். நான் வளர்ந்தது வேப்பேரி பக்கம் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை, புராட்டஸ்டண்ட்) குடும்பத்துல, கல்யாணமாகிப் போனது அடையார்ல ஒரு கத்தோலிக்கக் குடும்பத்துக்கு, அதனால ரெண்டு காம்பவுண்டும் எனக்குப் பழக்கம், ரெண்டு இடத்துலயும் நடக்கற விற்பனையும் தெரியும். சென்னையில நான் பார்க்கற வரைக்கும் நாலு வழி இருக்கு: எதுவுமே விக்கக் கூடாதுங்கறது, கேட்டுக்கு வெளிய இருக்கற வியாபாரிங்க கிட்ட விட்டுடறது, சர்ச்சே ஒரு ஸ்டால் நடத்தறது, வருஷத்துக்கு ஒரு தடவை அறுப்பின் பண்டிகை (விளைச்சலுக்கு நன்றி சொல்ற நாள்) மாதிரி பெரிய சேல் வைக்கறது.

அதுக்கு முன்னாடி அந்த எருசலேம் ஆலயத்துல நடந்ததை கொஞ்சம் நிதானமா பார்க்கணும், ஏன்னா எல்லாரும் அதைத்தான் ஆதாரமா காட்டறாங்க. அங்க இருந்த வியாபாரம் சும்மா வந்து ஒட்டிக்கிட்டது கிடையாது. தூரத்துல இருந்து வர்றவங்க ஆடு மாட்டை ஓட்டிக்கிட்டு வர முடியாதுன்னா, வித்துக் காசாக்கி எடுத்துட்டு வந்து இங்கயே வேணுங்கறதை வாங்கிக்கலாம்னு உபாகமம் 14லயே இருக்கு. ஆலய வரியை தீரு பட்டணத்து வெள்ளிக்காசுலதான் கட்டணும், அதனால காசு மாத்தித் தர ஆள் தேவைப்பட்டுச்சு. அப்போ வாங்கறதும் விக்கறதும் தன்னால பாவம் கிடையாது. பிரச்சினை ரெண்டு இடத்துல இருந்துச்சு. ஒண்ணு, அந்தக் கடைங்க இருந்தது புறஜாதியார், அதாவது யூதரல்லாதவங்க, வந்து நின்னு ஜெபம் பண்றதுக்கு இருந்த பிராகாரத்துல, அவங்களுக்குன்னு இருந்த ஒரே இடத்துல மாடும் ஆடும் தராசும் வந்து உக்காந்துடுச்சு. இரண்டாவது, புறா. ஆட்டுக்குட்டிக்கு வசதியில்லாதவங்க ரெண்டு புறா கொண்டு வரலாம்னு லேவியராகமம் 12 சொல்லுது, மரியாளும் யோசேப்பும் செலுத்தினதும் அந்தக் காணிக்கைதான், லூக்கா 2ல இருக்கு. அதாவது புறாக்கடைங்கறது ஏழைங்களோட கடை. யோவான் சுவிசேஷத்துல "என் பிதாவின் வீட்டை வியாபார வீடாக்காதிருங்கள்"னு அவரு சொல்றதும் புறா விக்கறவங்களைப் பார்த்துத்தான். அதனால நான் எந்த வழியைப் பார்த்தாலும் ரெண்டே கேள்விதான் கேப்பேன், ஜெபிக்க வந்தவங்களோட இடத்தை இது பிடிச்சுக்குதா, கையில காசில்லாம வர்றவங்க இங்க வந்து கூனிக் குறுகி நிக்க வேண்டியிருக்கா.

முதல் வழி, எதுவும் விக்கறதில்ல. கேக்க ரொம்ப சுத்தமா இருக்கு, நிறைய சின்ன சபைங்க இப்படித்தான் இருக்கு, அமைதியா வந்து ஆராதிச்சிட்டு அமைதியா போகலாம். எனக்கு இதுல மரியாதை உண்டு. ஆனா கரெண்ட் பில், சவுண்டு சிஸ்டம் ரிப்பேர், செக்ஸ்டன் (சர்ச்சைப் பார்த்துக்கற ஊழியர்) சம்பளம் எல்லாம் அப்படியேதானே இருக்கு, அந்தக் காசு வேற வாசல் வழியா கேக்கப்படும். சில இடத்துல மாசச் சந்தா பாக்கி வெச்சவங்க பேரை நோட்டீஸ் போர்டுல ஒட்டறாங்க, சந்தா கட்டலைன்னா கல்யாணத்துக்கு லெட்டர் தர யோசிக்கறாங்க, இதுக்கு ஒரு ஸ்டால் போட்டு சமோசா வித்திருந்தா எவ்வளவோ தேவலை. விக்காத சபைன்னா காசு பேசாத சபைன்னு அர்த்தம் ஆகிடாது.

இரண்டாவது, கேட்டுக்கு வெளிய விட்டுடறது. இதுக்கு பெசன்ட் நகர் அன்னை வேளாங்கண்ணி கோயிலை விட நல்ல உதாரணம் சென்னையில இல்ல. ஆகஸ்ட் 29 கொடியேத்தத்துல இருந்து செப்டம்பர் 8 மாதா பொறந்தநாள் வரைக்கும் அந்த ரோடு முழுக்க காவி உடுத்திக்கிட்டு நடந்து வர்ற ஜனம், ரெண்டு பக்கமும் மெழுகுவர்த்தி, மாலை, குழந்தை வரம் கேட்டுக் கட்டற குட்டித் தொட்டில், கை கால் கண்ணு அச்சடிச்ச தகடு, பொரி, பஞ்சுமிட்டாய், வளையல். வர்றவங்கள்ல இந்து முஸ்லிம்னு எல்லாரும் உண்டு, அவங்களுக்கு கடையில ஒரு மாலை வாங்கி மாதாவுக்குக் கொடுக்கறதுதான் பழக்கமான வழி, அதைப் போய் வியாபாரம்னு முகம் சுளிக்க எனக்கு மனசு வராது. இந்த வழியில எனக்குப் பிடிச்சது, காசு நேரா ஒரு குடும்பத்துக்குப் போகுது. பூக்காரம்மா விக்கற முழத்துல சர்ச்சுக்குப் பங்கு கிடையாது. கையில காசில்லாதவங்களும் எதுவும் வாங்காம நேரா உள்ள போய் நிக்கலாம், யாரும் கேக்க மாட்டாங்க.

குறை இல்லாம இல்ல. திருவிழா நேரத்துல விலை ஏறும், நடக்க வழி இருக்காது, வீல்சேர்ல வர்றவங்க பாடு ரொம்ப கஷ்டம், வண்டியில இருந்து இறங்கறதுக்குள்ள நாலு பேர் மெழுகுவர்த்தியை கையில திணிப்பாங்க. ஆனா இதுக்கெல்லாம் வியாபாரியை விரட்டறது பதில் கிடையாது. 2014ல வந்த தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுப்பு முடிச்சு சான்றிதழ் கொடுக்கறதுக்கு முன்னாடி அங்க இருக்கறவங்களை அப்புறப்படுத்தவே கூடாது, இதையெல்லாம் பார்த்துக்க டவுன் வெண்டிங் கமிட்டின்னு ஒண்ணு இருக்கு, அதுல வியாபாரிங்க பிரதிநிதியும் உண்டு. சர்ச் ஆளுங்க அவங்ககூட உக்காந்து பேசி வாசலுக்கு நேரா இவ்வளவு இடம் விடுங்கன்னு கோடு போட்டாலே பாதி சிக்கல் தீரும். சில சர்ச் செய்யறது நேர் எதிர். வெளிய விக்கற அதே மெழுகுவர்த்தியை உள்ள ஒரு கவுண்டர் போட்டு வித்து, வெளிய வாங்கினது உள்ள வரக் கூடாதுன்னு போர்டு வெச்சுடறாங்க. அந்த போர்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் புறாக்கடை ஞாபகம் வருது, கோபமும் வருது.

மூணாவது, சர்ச்சே நடத்தற ஸ்டால். இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், பைபிள், பாட்டுப் புத்தகம், ஜெபமாலை, உத்தரியம் (கழுத்துல போடற துணிப்பட்டை), சுரூபம் (சிலை), காலண்டர், டிசம்பர் வந்தா ஸ்டாரும் குடிலும். சாந்தோம் மாதிரி இடத்துக்கு இது தேவைன்னே சொல்வேன். 1896ல கட்டி முடிச்ச அந்தப் பேராலயத்துக்கு இயேசுவோட சீஷரான தோமையார் கல்லறையைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ ஜனம் வருது, வந்துட்டுப் போறவங்க கையில ஒரு படமோ வரலாறு சொல்ற சின்ன புத்தகமோ இருந்தா நல்லதுதான். பரங்கிமலை மேல இருக்கற தோமையார் கோயிலுக்கு ஏறி வர்றவங்களுக்கும் அப்படித்தான். ஆனா தெரு சர்ச்சுக்கு வேற கணக்கு. பார்க் டவுன்லயும் வேப்பேரியிலயும் கிறிஸ்தவப் புத்தகக் கடைங்க இருக்கு, ஆனாலும் முட்டி வலியோட இருக்கற ஒரு பாட்டியால பஸ் பிடிச்சு அங்க போய் பெரிய எழுத்து பைபிள் வாங்க முடியாது, பூசை முடிஞ்சு வெளிய வரும்போது கிடைச்சா வாங்குவாங்க. இந்த ஒரு காரணத்துக்காகவே ஸ்டால் இருக்கலாம்.

இங்க கத்தோலிக்கங்க கிட்ட ஒரு பழைய ஒழுங்கு இருக்கு, அது எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஜெபமாலையை முதல்ல வாங்கணும், அப்புறம்தான் ஃபாதர் கிட்ட கொடுத்து மந்திரிச்சு வாங்கணும், மந்திரிச்ச பொருளை விக்கக் கூடாது. காசு கொடுத்தது மணிக்கும் நூலுக்கும், ஆசீருக்கு விலை கிடையாதுன்னு சின்ன குழந்தைக்கும் இது புரிய வெச்சுடும். 1983 கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தொகுப்பும் இதே பக்கம்தான் நிக்குது, 1190ஆம் சட்டத்துல புனிதர்களோட திருப்பண்டங்களை (எலும்பு மாதிரி மிச்சங்களை) விக்கறதுக்கு முழுத் தடை, 947ஆம் சட்டத்துல பூசைக் காணிக்கையில வியாபாரச் சாயல்கூட இருக்கக் கூடாதுன்னு இருக்கு. போப் பிரான்சிஸ் 2014 நவம்பர்ல ஒரு மறையுரையில, ஞானஸ்நானத்துக்கு இவ்வளவு ஆசீருக்கு இவ்வளவுன்னு சர்ச்ல விலைப்பட்டியல் தொங்கவிடறதை நேராவே கண்டிச்சாரு.

இதை வெச்சுப் பார்த்தா அபிஷேக எண்ணெய் விக்கறதுக்கு என்கிட்ட ஒரு நிமிஷம்கூட இடம் கிடையாது. ஜெபிச்ச எண்ணெய், ஜெபிச்ச கைக்குட்டை, சின்ன பாட்டில் ஒரு விலை பெரிய பாட்டில் ஒரு விலைன்னு மேஜை போட்டு விக்கறதும், வியாதியில துடிக்கறவங்க கடன் வாங்கி அதை வாங்கிட்டுப் போறதும் நடக்குது. தேவ வரத்தைப் பணத்தால வாங்கலாம்னு நினைச்ச சீமோனை பேதுரு எப்படிக் கடிஞ்சாருன்னு அப்போஸ்தலர் 8ல இருக்கு, அதே அதிகாரத்தை வாசிக்கற சபையிலயே இது நடக்கும்போது வயிறு எரியுது.

ஸ்டால் நடத்தறவங்க கவனிக்க வேண்டிய சில நடைமுறை விஷயமும் இருக்கு. ஆராதனை நடக்கும்போது கடை மூடி இருக்கணும், பின்னாடி பெஞ்சுல உக்காந்தா சில்லறை எண்ணற சத்தம் கேக்கக் கூடாது. கணக்கு தனியா இருக்கணும், இது வெறும் ஒழுங்குக்காக மட்டும் சொல்லலை, வருமான வரிச் சட்டமே, அறநிலையம் ஒரு வியாபாரம் பண்ணினா அது அந்த நிலையத்தோட நோக்கத்துக்குத் துணையா இருக்கணும், கணக்குப் புத்தகமும் தனியா வைக்கணும்னு சொல்லுது. பைபிள் விக்கறது நோக்கத்தோட சேரும், கேட் ஓரமா செல்போன் ரீசார்ஜ் கடைக்கு இடம் விடறதெல்லாம் அந்தக் கணக்குல வராது. அப்புறம் தீ. 2018 பிப்ரவரி 2ஆம் தேதி ராத்திரி மதுரை மீனாட்சி அம்மன் கோயில்ல வீரவசந்தராயர் மண்டபம் எரிஞ்சதை யாரும் மறந்திருக்க மாட்டோம், அதுக்கப்புறம்தான் கோயிலுக்குள்ள இருந்த கடைகளை எடுக்கச் சொல்லி உத்தரவு வந்துச்சு. மெழுகுவர்த்தி எரியற கெபிக்கு (மாதா சுரூபம் வெச்ச குகை மாதிரி இடம்) பக்கத்துலயே பிளாஸ்டிக் ஸ்டாரும் காகித குடிலும் அடுக்கி வெச்சிருக்கற சர்ச் நம்ம ஊர்ல எத்தனை, கொஞ்சம் போய்ப் பாருங்க.

நாலாவது, அறுப்பின் பண்டிகை சேல். சி.எஸ்.ஐ.ல பொறந்தவங்களுக்கு இதைப் பத்தி சொல்லவே வேணாம், அன்னிக்கு காம்பவுண்டே வேற மாதிரி இருக்கும். பெண்கள் ஐக்கிய சங்கம் ஒரு பக்கம் அதிரசம் முறுக்கு, வாலிபர் ஐக்கியம் ஒரு பக்கம் பிரியாணி, சண்டே ஸ்கூல் பிள்ளைங்க லெமன் ஜூஸ், வளையம் வீசற விளையாட்டு, பக்கத்துத் தெரு ஜனமும் உள்ள வந்து சாப்பிட்டுட்டுப் போகும். வருஷம் முழுக்க ஒரு வார்த்தை பேசாத ரெண்டு குடும்பம் ஒரே அடுப்புல தோசை சுடறதை நான் இந்த நாள்லதான் பார்த்திருக்கேன். மூணாவது வழியில சர்ச் விக்குது, ஜனம் வாங்குது, இதுல ஜனமே செஞ்சு ஜனமே வித்து ஜனமே வாங்குது, அதனால இதுக்குத்தான் என் மனசுல முதல் இடம். லாபத்தைக் கணக்குப் பண்ணா சிரிப்பா இருக்கும், அரிசியும் எண்ணெயும் வாங்கின காசை அப்படியே காணிக்கையா போட்டிருக்கலாமேன்னு ஒவ்வொரு வருஷமும் ஒருத்தர் சொல்லுவாங்க. சொல்லட்டும், அந்த ஒரு நாள் சேர்ந்து வேலை செய்யறதுக்கு விலை போட முடியாது.

ஆனா ஏலம், அதுதான் எனக்கு உறுத்தறது. முதற்பலனா கொண்டு வந்த வாழைத்தார், பூசணிக்காய், சேவல், தேங்காய், இதையெல்லாம் மைக் வெச்சு ஏலம் விடறாங்க. கிராமத்துல வயல்ல விளைஞ்சதைக் கொண்டு வந்து வெச்சு ஏலம் விட்டப்போ அதுக்கு ஒரு பொருள் இருந்துச்சு, அங்க வந்தவங்க எல்லார் கிட்டயும் நெல்லோ காயோ ஏதோ ஒண்ணு இருந்துச்சு. சென்னையில அதே தேங்காயை காலையில மார்க்கெட்ல வாங்கிட்டு வந்து வெச்சு, அதை 5000 ரூபாய்க்கு ஒரு ஐயா எடுத்தார், கை தட்டுங்கன்னு மைக்ல சொல்லும்போது, பின்னாடி பிளாஸ்டிக் சேர்ல உக்காந்திருக்கற வீட்டு வேலை செய்யற அக்கா கையைக் கட்டிக்கிட்டு பார்த்துக்கிட்டே இருக்காங்க. அவங்க பிள்ளை "அம்மா நாமளும் கேளும்மா"ன்னு சொன்னா அவங்க என்ன சொல்லுவாங்க? கர்த்தருக்கு நன்றி சொல்ற பண்டிகையில யார் எவ்வளவு கொடுத்தாங்கன்னு தெருவுக்கே கேக்கணுமா? ஆலயக் காணிக்கைப் பெட்டியில ரெண்டு காசு போட்ட விதவையைக் காட்டி, எல்லாரையும் விட இவதான் அதிகமா போட்டான்னு இயேசு சொன்னதை இதே சர்ச்லதான் வாசிக்கறோம்.

ஏலத்தை நிறுத்தினா வருமானம் போயிடும்னு கமிட்டியில சொல்லுவாங்க, ஓரளவு உண்மைதான், பெரிய தொகை அதுலதான் வரும். அதுக்கு ஒரு சின்ன மாற்று இருக்கு. பொருளை எல்லாம் மேஜையில அடுக்கி, பக்கத்துல ஒரு மூடின பெட்டி வெச்சு, எடுக்கறவங்க தங்களால முடிஞ்சதை கவர்ல போட்டுட்டு எடுத்துட்டுப் போகட்டும், பேர் வேணாம், மைக் வேணாம், மிஞ்சினதை பக்கத்துல இருக்கற ஹாஸ்டலுக்கோ முதியோர் இல்லத்துக்கோ அன்னிக்கே அனுப்பிடலாம். 5000 கொடுக்க மனசு இருக்கறவங்க கவர்லயும் 5000 போடுவாங்க, பேர் சொன்னாத்தான் கொடுப்பேன்னு இருக்கறவங்க காசு குறைஞ்சா குறையட்டும். சாப்பாட்டு ஸ்டாலுக்கும் ஒண்ணு செய்யலாம், வசதி இருக்கறவங்க ரெண்டு டோக்கனுக்கு காசு கொடுத்துட்டு ஒண்ணை ஆயரம்மா (ஆயரோட மனைவி) கிட்டயோ சண்டே ஸ்கூல் டீச்சர் கிட்டயோ கொடுத்து வெச்சா, யாருக்குத் தேவைன்னு அவங்களுக்குத் தெரியும், சத்தமில்லாம போய்ச் சேரும்.

அடையார்ல எங்க அன்பியக் கூட்டத்துல (பக்கத்து வீட்டு கத்தோலிக்கக் குடும்பங்க சேர்ந்து கூடறது) மெழுகுவர்த்தி கவுண்டர் பத்திப் பேச்சு வந்தப்போ நான் கேட்டதும் இதுதான், உள்ள கவுண்டர் போடறதுக்கு பதிலா வாசல்ல உக்கார்ற ரெண்டு அம்மாவுக்கு வெயிலுக்கு ஒரு ஷெட் போட்டுக் கொடுங்க, ஸ்டால்ல பைபிளையும் ஜெபமாலையையும் மட்டும் வாங்கின விலைக்கு விடுங்க, வாங்க முடியாதவங்களுக்கு ஃபாதர் சொல்லி சும்மா கொடுங்க. இன்னும் முடிவாகலை, அடுத்த கூட்டத்துலயும் கேப்பேன்.