3 கிலோவாட் கூரை சோலார்: வேலை சுத்தம், வேஃபர் எனும் சிலிக்கான் தகடு எங்கிருந்து வந்தது என்றால் பதில் இல்லை

திருப்பூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் சோலார் போட்டுக் கொடுத்த நிறுவனத்தைப் பற்றி எழுதுகிறேன். பெயர் வேண்டாம். பொருத்திய வேலையில் குறையே இல்லை. தளத்தில் ஓட்டை போட்ட இடமெல்லாம் தண்ணீர் கசியாதபடி அடைத்தார்கள், எர்த்திங் ஒழுங்காகச் செய்தார்கள், மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் 78,000 ரூபாய் மானியத்துக்கான விண்ணப்பத்தையும் அவர்களே பார்த்துக்கொண்டார்கள். நல்ல வெயில் நாளில் 12 யூனிட் வருகிறது.

எனக்கு வருத்தம் வேறு இடத்தில். நான் பனியன் ஏற்றுமதி கம்பெனியில் கம்ப்ளையன்ஸ் பார்க்கிறவள். ஒரு டி-ஷர்ட்டுக்கு நூல் எந்த மில், அந்த மில்லுக்குப் பஞ்சு எங்கிருந்து, லாட் நம்பர் என்ன என்று பையர் கேட்டால் பில்லோடு காட்டியாக வேண்டும். சீனாவின் சின்ஜியாங் பஞ்சு கலந்திருக்குமோ என்பதுதான் அவர்களுடைய பெரிய பயம். சோலார் பேனலின் மூலப்பொருளான பாலிசிலிக்கானும் அதே சின்ஜியாங்கிலிருந்துதான் ஏராளமாக வந்தது. உலக உற்பத்தியில் சுமார் 45 சதவீதம் என்று 2021-இல் பிரிட்டனின் ஷெஃபீல்ட் ஹாலம் பல்கலைக்கழக ஆய்வு சொன்னது. அங்கே வாழும் உய்குர் சிறுபான்மை முஸ்லிம் மக்களை 'தொழிலாளர் இடமாற்றம்' என்ற பெயரில் அரசே ஆலைகளுக்கு அனுப்புகிறது. மறுத்தால் தடுப்பு முகாமில் அடைத்துவிடுவார்களோ என்று பயந்துகொண்டு செய்கிற வேலையை வேலை என்று எப்படிச் சொல்வது?

பேனலின் மூலப்பொருள் எங்கிருந்து என்று நான் கேட்டதும் விற்பனைக்கு வந்தவர் டிசிஆர் எனும் உள்நாட்டுத் தயாரிப்புச் சான்றிதழை நீட்டினார். "மேடம், இது முழுக்க இந்தியப் பொருள்." முழுக்க இல்லை. மானியத்துக்கான விதிப்படி மாட்யூலையும் (அதாவது பேனலையும்) அதற்குள் இருக்கும் சோலார் செல்லையும் இந்தியாவில் செய்திருந்தால் போதும். செல்லுக்கு முந்தைய வேஃபர், அதை அறுத்தெடுக்கும் சிலிக்கான் கட்டியான இங்காட், பாலிசிலிக்கான் எதையும் அந்தச் சான்றிதழ் கேட்பதில்லை. வேஃபர் பெரும்பாலும் சீனாவிலிருந்துதான் வருகிறது. பேனலில் தயாரிப்பு விவரம் பதிந்திருக்கும் ஆர்எஃப்ஐடி பட்டையும் செல் செய்த நாடு வரைக்கும் சொல்லிவிட்டு நின்றுவிடும்.

அமெரிக்காவில் 2022 ஜூன் முதல், சின்ஜியாங் பொருள் கலந்திருந்தாலே அது கட்டாய உழைப்பில் செய்தது என்று சட்டம் எடுத்துக்கொள்கிறது. இல்லை என்று நிரூபிப்பது இறக்குமதி செய்பவர் பாடு. கட்டாய உழைப்பில் செய்த பொருட்களுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் தடை 2027 டிசம்பரில் அமலுக்கு வருகிறது. அமெரிக்காவுக்குப் பேனல் அனுப்பும் இந்தியக் கம்பெனிகள் மூலப்பொருள் வரை ஆவணம் கொடுக்கத்தான் வேண்டியிருக்கிறது. அதை உள்ளூர் வாடிக்கையாளருக்கும் காட்டினால் என்ன? எனக்குக் கோபம் இதில்தான்.

ஆவணம் இருந்தால் எல்லாம் சரி என்றும் சொல்லமாட்டேன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஆலை வைத்திருக்கும் ஃபர்ஸ்ட் சோலார், பாலிசிலிக்கானே இல்லாத பேனல் செய்கிறது. ஆனாலும் 2023-இல் அவர்களுடைய மலேசிய ஆலையில், ஒப்பந்த நிறுவனங்கள் வெளிநாட்டுத் தொழிலாளர்களிடம் வேலைக்குப் பணம் வாங்கியதும் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்ததும் ஆடிட்டில் தெரியவந்தது. நிறுவனமே அதை வெளியே சொன்னது. அந்த நேர்மையை மதிக்கிறேன். ஆடிட் என்றால் அப்படி இருக்க வேண்டும். சூப்பர்வைசர் பக்கத்தில் இல்லாமல் தொழிலாளியிடம் தனியாகப் பேச வேண்டும்.

கேட்பதால் என்ன ஆகும் என்று வீட்டில் கேட்டார்கள். எங்கள் பக்கத்து நூற்பாலைகளில் சுமங்கலி திட்டம் என்று சொல்லி இளம்பெண்களை ஹாஸ்டலில் அடைத்து, சம்பளத்தில் ஒரு பகுதியைக் கடைசியில் மொத்தமாகத் தருவதாக இழுத்தடித்த காலம் உண்டு. வெளிநாட்டு பையர்கள் துருவிக் கேட்கத் தொடங்கியதும் மில்கள் அசைந்து கொடுத்தன.

பொருத்திய வேலைக்கு ஐந்துக்கு ஐந்து தருகிறேன். மூலப்பொருள் விவரத்துக்கு ஒன்றுதான், அதுவும் தயாரிப்பாளருக்கு மெயில் போடுகிறோம் என்று ஒத்துக்கொண்டதற்காக. யாரிடம் சோலார் வாங்கினாலும் அட்வான்ஸ் கொடுக்கும் முன் வேஃபரும் பாலிசிலிக்கானும் எந்த நாடு, எந்தக் கம்பெனி என்று கோட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள். எனக்குப் பதில் வந்ததும் இங்கேயே சேர்க்கிறேன்.